கோல சிலாங்கூருக்கு ஒரு நாள்

‘கோல சிலாங்கூரில் என்ன இருக்கிறது?’ என்று வளாகத்தில் யாரைக் கேட்டாலும் மூன்று பதில்கள்தாம் வரும்: மின்மினிப்பூச்சி, குரங்கு, கடல் உணவு. மூன்றும் சரியான பதில்களே. ஆனால் ஈஜோக் வழியாகவோ பெஸ்தாரி ஜெயா வழியாகவோ அந்தப் பட்டணத்துக்குப் போகும்போது சாலையின் இரு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் வருகின்றனவே, அவற்றை யாரும் பதிலில் சேர்ப்பதில்லை. சுற்றுலாக் கையேடுகளிலும் அவற்றைக் காண்பது அரிது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கோ கோல சிலாங்கூர் என்பதே அந்தத் தோட்டங்களிலிருந்து புறப்பட்டுப் போன பட்டணம். ஆகவே, குடும்பத்தோடு அங்கே ஒரு நாளைக் கழிப்பது எப்படி, எதை எப்போது பார்ப்பது, எதைச் சாப்பிடுவது என்பதைத் தோட்டப்புறத்திலிருந்து வந்த ஒருவன் என்ற முறையில் இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் ‘ஒரு நாள் வெளியே போவது’ என்பதையே விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அது சாதாரணம். வெள்ளிக்கிழமை இரவு புலனத்தில் பேசி முடிவெடுத்து, சனிக்கிழமை காலையில் கிளம்பிவிடுகிறோம். என் பாட்டியின் காலத்தில் அப்படியில்லை. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று சொன்னது உண்மைதான். ஆனால் நாட்கூலிக்காரர்களுக்கு அந்த ஓய்வு நாளில் கூலி கிடையாது. மழை பெய்து மரம் நனைந்தாலும் பால் வெட்ட முடியாது. ஆகவே மாதத்தில் ஒருமுறை, சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைதான் பட்டணத்துக்குப் போகும் நாள். பாட்டி இன்றும் ‘சம்பள ஞாயிறு’ என்றே சொல்வார். அன்று முதல் வேலை மளிகைக் கடையில் போன மாதப் பற்றை அடைப்பது. மிச்சம் இருந்தால்தான் மற்றதெல்லாம். அடுக்குத் தூக்குச் சட்டியில் புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் வீட்டிலிருந்தே போகும். காசு கொடுத்து வாங்குவது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐஸ் கச்சாங் மட்டும்.

அதற்கும் முந்திய காலத்தை எண்ணிப் பாருங்கள். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கி சிலாங்கூரின் மற்ற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தைப் பற்றி நம்மில் பலர் வரலாற்றுப் பாடத்தில் ஓரிரு வரிகள் படித்திருப்போம். சிலர் அதுவும் படித்திருக்க மாட்டோம். ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் இருந்தன. கள்ளுக் கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. ஆனால் என்னை நிறுத்தி வைத்தவை வேறு இரண்டு. ஒன்று, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். மற்றொன்று, துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்று அனுமதிக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதும், மிதிவண்டியில் ஏறித் தலை நிமிர்ந்து பட்டணத்துக்குப் போவதும் கோரிக்கை வைத்துக் கேட்க வேண்டியவையாக இருந்திருக்கின்றன. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ‘ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?’ என்று நாம் சோம்பல் முறித்துக்கொண்டே கேட்கும் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, பயணத்துக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து வருவோருக்கு 2011இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை வசதியானது. ஈஜோக் பக்கம் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் நேரம் இருந்தால் பெஸ்தாரி ஜெயா வழியாகச் சுற்றி வாருங்கள் என்பேன். 2007 வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் புதிய பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கேதான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலேசியாவில் செம்பனையை வாணிபப் பயிராக முதன்முதலில் நட்ட தோட்டம் இது; ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொங்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றவர். இந்த நாட்டுக்கே சோறு போட்ட ஒரு தொழிலின் தொட்டிலுக்குப் பெயர் தமிழில், அதுவும் வேறொரு மரத்தின் பெயராக இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? தமிழ்ப்பள்ளியில் நான் படித்தபோது இது எனக்குத் தெரியாது. தேசிய இடைநிலைப்பள்ளியில் செம்பனையின் வரலாறு பாடமாக வந்தபோது ஆசிரியர் ‘தென்னாமாராம்’ என்று ராகம் போட்டு உச்சரித்தார். அது நம் தென்னைமரம்தான் என்று உறைக்க எனக்குச் சில விநாடிகள் ஆயின.

காலையில் வந்து சேர்வோர் பெரும்பாலும் முதலில் போவது புக்கிட் ரோத்தானிலுள்ள ஸ்ரீ சக்தி ஆலயத்துக்கு. 2013இல் குடமுழுக்குக் கண்ட ஆலயம். 51 சக்தி பீடங்களின் தேவியரையும் ஒரே இடத்தில் காணலாம். சிற்ப வேலைப்பாட்டைப் பார்க்க மற்ற இனத்தவரும் வருகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வலம் வந்துவிடுவது பாதங்களுக்கு நல்லது.

மதிய உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர்கள் நேராக வாழையிலைச் சாப்பாட்டைத் தேடிப் போவார்கள், தவறில்லை. ஆனால் இந்தக் கடலோரத்தில் சாவகத்திலிருந்து வந்து குடியேறிய மக்கள் நிறையப் பேர். அவர்களுடைய உணவைச் சாப்பிடாமல் கோல சிலாங்கூரைச் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நாசி அம்பெங் என்பது ஒரு பெரிய தட்டில் வாழையிலை விரித்து, நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிலும் பிரட்டிய மீ, கருஞ்சாற்றில் சமைத்த கோழி, பொரித்த தெம்பே, கருவாடு, தேங்காய்ப்பூவை வறுத்துச் செய்த செருண்டிங் எல்லாம் வைத்து, நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டு உண்பது. விருந்துகளில் பரிமாறப்பட்ட சாப்பாடு. இப்போது கடைகளிலும் கிடைக்கிறது. சில கடைகளில் மாட்டிறைச்சியும் வைப்பார்கள். நம் வீட்டில் அது ஆகாதென்றால் உட்காரும்போதே ‘கோழி மட்டும்’ என்று சொல்லிவிடலாம்; முகம் கோணாமல் மாற்றித் தருவார்கள். முதல்முறை போனபோது ஒரே தட்டில் எல்லோரும் கைபோடுவதா என்று என் அத்தை தயங்கினார். பாட்டிதான், “லயத்துல பெருக்கால் வீடு, அடுத்த வீடுன்னு பாத்தா சாப்பிட்டோம்? உட்காருடி” என்று அதட்டி உட்கார வைத்தார். தெம்பே என்பது புளிக்க வைத்த சோயா மொச்சை. அதைப் புளிக்குழம்பில் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் சாவகக் கம்பம் இருந்தது; இந்தப் பக்கம் எங்கள் லயம். அவ்வளவுதான் காரணமாக இருக்க வேண்டும். வெயில் தாளாவிட்டால் செண்டோலுக்கு வரிசையில் நிற்கலாம். ‘செண்டோல் பாக்கார்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, செண்டோலை எப்படிச் சுடுவார்கள் என்று என் தம்பி வழிநெடுகக் கேட்டான். வந்தது வழக்கம்போல் குளிர்ந்த செண்டோல்தான்.

வெயில் தணிந்த பிறகு புக்கிட் மெலாவத்தி. இந்தக் குன்று வெறும் பூங்காவன்று. சிலாங்கூர் சுல்தான்களின் தலைநகரமாகக் கோல சிலாங்கூர் இருந்த காலத்தில் இதுவே கோட்டை. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து ‘அல்டிங்ஸ்பர்க்’ என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். 1871இல் ஆங்கிலேயரின் போர்க்கப்பல் ஒன்று கடலிலிருந்து குண்டு வீசியது. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. மேலே நின்று பார்த்தால் ஏன் எல்லோரும் இந்தக் குன்றுக்கு அடித்துக்கொண்டார்கள் என்று விளங்கிவிடும்: ஆற்றின் வாயும் கடலும் ஒரே பார்வையில் விழுகின்றன. உள்ளே போகும் எதுவும், வெளியே வரும் எதுவும் இந்தக் குன்றின் கண்ணில் படாமல் தப்ப முடியாது.

குழந்தைகளுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். அவர்களுக்குக் குரங்கு வேண்டும். இங்கே இருவகைக் குரங்குகள் உண்டு. பையைப் பிடுங்குவதும் கண்ணாடியைக் கழற்றுவதும் நீண்ட வால் குரங்கு. சாம்பல் நிறத்தில் கொண்டை வைத்துக்கொண்டு அமைதியாகத் தோளில் ஏறி உட்காருவது லோத்தோங். அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். லோத்தோங் இலையுண்ணி. அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்து, மாட்டுக்கு உள்ளதுபோல இலையை நொதிக்க வைத்துச் செரிக்கிறது. அப்படிப்பட்ட வயிற்றுக்கு ரொட்டியும் இனிப்பும் ஒத்துக்கொள்ளா. ஆசைக்கு ஏதாவது கொடுத்தே தீரவேண்டுமென்றால் பயற்றங்காய் பரவாயில்லை. கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிட நல்லது.

குன்றின் அடிவாரத்தில் 1987இல் அமைந்த இயற்கைப் பூங்கா இருக்கிறது. நடக்க விருப்பமுள்ளவர்கள் போகலாம். ‘கடல் எங்கே? மணல் எங்கே?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அங்கேதான் பதில் கிடைக்கும். இந்தக் கரை மணற்கரையன்று. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த சேறும், அதைப் பிடித்து வைத்திருக்கும் அலையாத்தி மரங்களும்தாம் இங்குள்ள கடற்கரை. குளிக்க உதவாத அந்தச் சேறுதான் நண்டையும் இறாலையும் கெராங் சிப்பியையும் வளர்க்கிறது. இரவுச் சாப்பாடு அந்தச் சேற்றிலிருந்து வருகிறது என்று சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். தட்டு வந்ததும் மறந்துவிடுவார்கள்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பாலம் தாண்டி பாசிர் பெனம்பாங் போக வேண்டும். ‘பெனம்பாங்’ என்றால் ஆற்றைக் கடத்தும் படகு. பாலம் இல்லாத காலத்துப் பெயர். சீன மீனவர் கிராமமான இங்கே ஆற்றோரமாகவே உணவகங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இங்கே ஒரு மனக்குறை உண்டு: நீராவியில் அவித்த மீனை அவர்கள் ‘பத்தியச் சாப்பாடு’ என்பார்கள். ஆகவே ஒரு மீனை அவித்தும், இன்னொன்றைச் சம்பல் போட்டுச் சுட்டும் கேட்டுவிட்டால் சண்டையில்லை. நண்டும் இறாலும் எடை போட்டே விற்கப்படும். விலை பருவத்துக்குப் பருவம் மாறும். எடையையும் விலையையும் சமையலுக்குப் போகும் முன்பே கேட்டுக்கொள்வது நாகரிகக் குறைவன்று. கடைக்காரர்களும் அதை எதிர்பார்க்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ கருவாடு, நெத்திலி, உலர்ந்த இறால், மீன் கெரோப்போக் வாங்குவது தவறாத சடங்கு. கருவாட்டைப் பார்த்து வாங்கப் பாட்டி சொல்லும் கணக்கு எளிது: அழுத்தினால் கையில் ஈரம் ஒட்டக்கூடாது, மேலே மாவு பூத்திருக்கக்கூடாது, மோந்தால் உப்பு வாடைக்கு மேல் வேறு வாடை வரக்கூடாது.

இந்தக் கருவாட்டுக் கடைகளில்தான் நான் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் காண்கிறேன். பாட்டி கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இன்னொரு பாட்டி வந்து நிற்பார். ஒரு நிமிடம் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். “ஏம்மா, நீ தண்ணி டாங்கிப் பக்கத்து வீட்டுப் பொண்ணுதானே?” என்று ஒருவர் தொடங்குவார். அப்புறம் நாங்கள் காரில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். யார் கிள்ளானுக்குப் போனார், யார் ரவாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், பழைய தண்டல் எப்போது தவறினார், கோயில் சாமியை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று பேச்சு ஓடும். எங்கள் தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டதும் ஆள் தேவை குறைந்தது. வெட்டுக்கு அந்நியத் தொழிலாளர்கள் வந்தார்கள். லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. லயம் இருந்த இடத்தில் இப்போது மரங்கள். ஒரே பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் பெயர் கொடுத்தவர்கள் இன்று இருபது ஊர்களில் இருக்கிறார்கள். திருமணமோ இழவோ இல்லாத நாளில் அவர்கள் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ள மிச்சமிருக்கும் இடம் இந்தப் பட்டணம்தான். இதைச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டு நண்பர்களோடு மட்டும் போய்வரும் கோல சிலாங்கூர்ப் பயணம் பாதிப் பயணம் என்பது என் கருத்து.

இருட்டியதும் கம்போங் குவாந்தான். பட்டணத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். துடுப்பு வலிக்கும் சிறு படகில் நான்கு பேர் உட்காரலாம். மோட்டார் ஓசை இல்லை. கரையோரம் பெரெம்பாங் மரங்கள் வர வர, கிளைகளில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதைப் பார்க்கலாம். ஆண் பூச்சிகள் பெண்ணை அழைக்கும் சமிக்ஞை அது. விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. உடலுக்குள் நடக்கும் வேதிவினையால் பிறக்கும் ஒளியாதலால் சூடு இல்லை. படகில் புகைப்பட ஒளி கூடாது என்று சொல்வது வெறும் கண்டிப்புக்காக அன்று. ஒளியால்தான் அவை பேசிக்கொள்கின்றன, நம் ஒளி குறுக்கே விழுந்தால் பேச்சு கெட்டுவிடும்.

மரத்தில் மின்னுவது அதன் வாழ்வின் கடைசிக் கட்டம்தான் என்பது பலருக்குத் தெரியாது. முட்டை ஆற்றோர ஈர மண்ணில். புழுப் பருவம் நீப்பா, ரும்பியாப் பனைகளின் அடியில் கிடக்கும் சருகுக்குள். அங்கே சிறு நத்தைகளைத் தின்று அது வளர்கிறது. ஆகவே பெரெம்பாங் மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது; அதன் பின்னாலுள்ள சதுப்பும் சருகும் வேண்டும். கரைவரை வெட்டிச் செம்பனை நட்டால் நத்தை போகும், புழு போகும், பிறகு மரம் இருந்தும் ஒளி இருக்காது. எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை சோறு போட்ட மரத்தைப் பற்றி இப்படி எழுதுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான். கரையிலிருந்து சற்றுத் தள்ளியே நட்டால் இரண்டும் வாழ இடம் உண்டு.

கடைசியாக, எந்த நாளில் போவது என்ற கேள்வி. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே இதற்குப் போதும். நிலவு இல்லாத இரவில்தான் மின்மினியின் ஒளி எடுப்பாகத் தெரியும், ஆக அமாவாசை. கடலுக்குள் மணல்திட்டு வெளிப்பட்டு வானத்தைக் கண்ணாடிபோல் காட்டும் ‘ஸ்கை மிரர்’ என்ற இடத்துக்குப் படகில் போவதும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில்தான் முடியும். அப்போதுதான் வற்றம் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அமாவாசைதான் சிறந்த நாள் என்று எந்த மாணவனும் கணக்குப் போட்டுவிடுவான். ஆனால் அமாவாசையன்று எங்கள் வீட்டில் சைவம்! பாசிர் பெனம்பாங்கில் போய் உட்கார்ந்து கீரை மட்டும் கேட்கும் துணிவு எங்கள் மாமாவுக்கு இல்லை. எனவே பாட்டியின் தீர்ப்புப்படி அமாவாசைக்கு அடுத்த நாள். நிலவு இன்னும் மெல்லிய கீற்றுதான், வற்றமும் இருக்கும், விரதமும் முடிந்துவிடும்.

தீபாவளியும் அமாவாசையை ஒட்டியே வருவதால் வெளியூரிலிருந்து வந்த சித்தப்பா, அத்தை குடும்பங்கள் எல்லாம் கூடியிருக்கும் அந்த வாரத்தில்தான் நாங்கள் பெரும்பாலும் போகிறோம். மூன்று கார்கள் தேவைப்படும். அந்த மாதங்களில் மாலை மழை நிச்சயம். மழை வந்தால் படகும் இல்லை, மின்மினியும் இல்லை. ஏழு மணிக்குள் மழை விட்டுவிட்டால் துணிந்து போகலாம். குடையைக் காரில் விட்டுவிடாதீர்கள்.